ஞாயிற்றுக்கிழமை மியூசியம்

போன வாரம் அவிநாசியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனால், தொட்டிக்குள் பாச்சை உருண்டை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பழைய பயம் வந்து, கழுவாமலே கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர், “பந்தி சரியில்லீங்களா?” என்று கேட்டார். குறை பந்தியில் இல்லை.

எங்கள் பனியன் மியூசியத்திலும் இதே வாசனைதான். மங்கலம் ரோட்டில் ஒரே ஒரு ஷட்டர் அறை. பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த நாலு பேர் சேர்ந்து, சம்பளம் கிம்பளம் இல்லாமல் நடத்தினோம். மூடிப்போன கம்பெனிகளின் அட்டைப்பெட்டிகள், துணி ஓரம் தைக்கிற ஒரு பழைய ஓவர்லாக் மெஷின், பூச்சி அரிக்காமல் உருண்டை போட்டு வைத்த பனியன்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கழித்துப் போட்ட பனியன் விற்கும் செகண்ட்ஸ் கடை என்று நினைத்து, “எக்ஸ்எல் இருக்குங்களா?” என்பார்கள்.

இடம் கொடுத்த கட்டடக்காரர் மாடியில் நூல் வியாபாரம் செய்தார். ஞாயிறு மட்டும் தோட்டத்துக்குப் போய்விடுவார். மரியாதைக்காரர். “ஞாயித்துக்கெழம தவறாம தொறக்கோணுமுங்க தம்பி. பாக்க ஆளு வரோணும். பொங்கல் வரைக்கும் பாக்கறேன். இல்லீன்னா நூல் மூட்டை அடுக்க எனக்கு எடம் வேணுமுங்க” என்றார். வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டும் அவரே வாங்கித் தந்தார்.

நம் ஊர்க் குளிர்காலம்தான் உங்களுக்குத் தெரியுமே. நாம் மப்ளர் கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரன் கோடையில் போடுகிற பனியனைத் தைப்போம். ஞாயிறும் ஷிப்மெண்ட். மற்ற மூன்று பேரும் கழன்றுகொண்டார்கள். நான் தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங்கில் சூப்பர்வைசர், நகர முடியாது. மூன்று ஞாயிறு அறை திறக்கவேயில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் போய், ஆட்கள் வந்ததாக நானே நோட்டில் பெயர்களை எழுதினேன். குண்டடத்திலிருந்து ஒருவர், பல்லடத்திலிருந்து குடும்பத்தோடு ஒருவர்.

நாலாவது ஞாயிறு எப்படியோ திறந்தேன். வந்தது ஒரே ஒரு வடநாட்டு அம்மா, ஏதோ கம்பெனியில் டெய்லர். ஓவர்லாக் மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நோட்டில் இந்தியில் நாலு வரி எழுதினார். எனக்கு இந்தியில் ஒரு எழுத்தும் தெரியாது. தலையை ஆட்டி வைத்தேன்.

மறுநாள் கட்டடக்காரர் நோட்டைப் புரட்டினார்.

“ஏனுங்க தம்பி, வந்தவீங்க அத்தன பேரும் செக்கிங்ல வேல செய்யறவீங்களா?”

புரியாமல் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு டிக், அதைச் சுற்றி ஒரு வட்டம். பீஸ் பாஸ் ஆனால் ரிப்போர்ட்டில் நான் போடுகிற அடையாளம். பழக்க தோஷம், திருட்டுக் கையெழுத்தையும் விடாமல் பாஸ் போட்டிருக்கிறேன்.

“கடைசில இந்தி மாதிரி வேற கிறுக்கி வெச்சிருக்கறீங்க?”

“அது நெசமாலுமே ஒருத்தர் எழுதுனதுங்ணா.”

மாடியில் மூட்டை தூக்கும் பீகார்க்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: “மூணு ஞாயிறு வந்தேன். பூட்டு இருந்தது. இன்னைக்குத் திறந்திருக்கு. அடுத்த ஞாயிறு தங்கச்சியைக் கூட்டிட்டு வர்றேன்.”

கட்டடக்காரர் திட்டவில்லை. “சாவிய வெச்சுட்டுப் போங்க தம்பி” என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்த ஷட்டருக்குள் நூல் மூட்டைகள். மெஷின் காயலான் கடைக்குப் போனதாகக் கேள்வி. அந்த அம்மா வருவதாக எழுதிய ஞாயிறு நான் லீவு போட்டிருக்கலாம். வாசலில் நின்று, எல்லாம் என் தப்பு என்று அந்த அம்மாவிடம் எப்படியாவது சொல்லியிருக்கலாம். வெட்கம், போகவில்லை. அக்காவும் தங்கையும் அந்தப் பூட்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார்களோ, எனக்குத் தெரியாது.