இடது கண்ணின் ஒளிப்புள்ளி

போன விடுமுறைக்குக் கட்டாரிலிருந்து வந்தபோது, கூட வேலை செய்பவர் பாவித்த மிரர்லெஸ் டிஜிட்டல் கமரா ஒன்றைக் கணவர் கொண்டுவந்தார். லென்ஸ் இல்லாத வெறும் கமரா. மகளுக்கு அப்போது நான்கு மாதம்.

"ஒவ்வொரு நாளும் ஒரு படம் அனுப்பு. போன்ல எடுக்கிறது வேணாம், நல்ல படமா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவின் அலுமாரியில் ஒரு பழைய ஃபிலிம் கமரா கிடந்தது. அது வேலை செய்யாது. அதன் ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸைக் கழற்றினேன். உள்ளே ஓரத்தில் மெல்லிய பூஞ்சணம் இருந்தது. வாவிக்கரை வீடுகளில் எந்தக் கண்ணாடிக்கும் அது வரும். இரண்டையும் பொருத்தும் அடாப்டர் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது.

புதிய கமராவுக்குப் பழைய லென்ஸைத் தெரியாது. மாட்டிய பிறகும் "லென்ஸ் இல்லை" என்றே திரையில் காட்டும். பரவாயில்லை, படம் எடு என்று மெனுவுக்குள் போய் அனுமதி கொடுக்க வேண்டும். தானாக எதுவும் குவியாது. வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். தெளிவான இடங்களின் விளிம்பில் சிவப்புக் கோடு வரும் என்றார்கள். அதை நம்ப முடியாது என்று இரண்டாம் நாளே தெரிந்துகொண்டேன். ஆகவே மகளின் முகத்தைத் திரையில் பெருப்பிப்பேன். ஒரு கண் மட்டும் திரை முழுக்க நிற்கும் வரை பெருப்பிப்பேன். கண்மணியில் விழும் ஜன்னல் வெளிச்சம் ஒரு கூரான புள்ளியாகும்போது பொத்தானை அமத்துவேன்.

ஏழாம் மாதத்தில் அதைக் கண்டேன். வலது கண்ணில் புள்ளி நடுவில் இருந்தது. இடது கண்ணில் ஓரமாக, காதுப் பக்கம் ஒதுங்கி இருந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. பிரசவ விடுமுறையில் இருந்தேன். அன்றிரவே இணையத்தில் தேடினேன். பழைய லென்ஸ்களில் பூச்சு தேய்ந்தால் இல்லாத இடத்தில் ஒளிப்புள்ளி விழும் என்று எழுதியிருந்தார்கள். பூஞ்சணமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் படத்தை அழித்தேன். மறுநாள் வந்ததையும் அழித்தேன். மகள் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்து, அந்தப் படத்தைக் கணவருக்கு அனுப்பினேன்.

"என்ன, எப்பவும் அங்கால பாத்துக்கொண்டு இரிக்கிறா? என்னோட கோவமா?" என்று கேட்டார். சிரிக்கிற இமோஜி ஒன்றைப் பதிலாகப் போட்டேன். ஓம், கோவம்தான் என்று எழுதினேன்.

சில நாட்களில் கமரா இல்லாமலும் பார்த்தேன். சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது. சில நேரம் கண் உள்ளே திரும்பியிருப்பதுபோல் இருந்தது. சில நேரம் இல்லை. சந்தேகம் வந்தால் எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும் என்று என்னையே நம்பாமல் விட்டேன்.

பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சாளிடம் கேட்டேன். அவர் கணவரின் மூத்த சகோதரி. மகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் மாறுகண்தான் கா. அதுக்கென்ன? மாறுகண் ராசி. இவ பிறந்த பிறகுதானே தம்பிக்கு அங்க இன்னும் நல்ல வேலை கிடைச்சது?"

"டொக்டரிட்ட காட்டட்டா மச்சாள்?"

"எல்லாத்துக்கும் டொக்டரா? போன மாசம் பிள்ளைக்குத் தும்மலுக்கும் கொண்டுபோனாய். மிட்வைஃப் உன்னைக் கண்டா ஒளிக்கிறாவாம்!"

இருவரும் சிரித்தோம். ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் லென்ஸ் ஒரு காரணம், ராசி ஒரு காரணம் என்று இரண்டு இருந்தபோது வசதியாக இருந்தது.

பத்தாம் மாதத்தில் மச்சாளின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை. வெள்ளைச் சட்டையோடு என் ஜன்னலோரம் வந்து நின்றாள். "எனக்கும் எடுங்க மாமி, போனால வேணாம், அந்தப் பெரிய கமராவால" என்றாள். முகத்தைப் பெருப்பித்தேன். வலது கண், புள்ளி நடுவில். இடது கண், புள்ளி நடுவில். அதே ஜன்னல், அதே லென்ஸ், அதே பூஞ்சணம்.

அவள் போனபின் மகளை அதே இடத்தில் இருத்தினேன். கமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தேன். பிழை லென்ஸிலென்றால் புள்ளி மற்றக் கண்ணுக்கு மாற வேண்டும். மாறவில்லை. இடது கண்ணில், காதுப் பக்கமாகவே இருந்தது. ஐந்து நிமிட வேலை. இதை மூன்று மாதம் முன்பே செய்திருக்கலாம். கமராவை மேசையில் வைத்துவிட்டு உலர்ந்த துணிகளை மடித்தேன்.

கண் வைத்தியர் ஒரு சிறு டோர்ச்சைக் காட்டி அதே புள்ளியைத்தான் பார்த்தார்.

"பழைய படங்கள் இருந்தாக் காட்டுங்க. எப்ப தொடங்கினதெண்டு பாக்கலாம்."

போனைக் கொடுத்தேன். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"நேர பாக்கிற படம் ஒண்டும் இல்லையா?"

"அழிச்சிட்டன், டொக்டர்."

"ஏன்?"

"லென்ஸில பிழையெண்டு நினைச்சன்."

"எவ்வளவு காலமா?" என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். ஒரு மாதம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். "மூண்டு மாசம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

இடது கண்ணில் தூரப்பார்வை அதிகமாம், எந்தத் தூரத்திலும் தெளிவாகக் குவியாதாம். மூளை அந்தக் கண்ணை மெல்ல மெல்லக் கைவிடுகிறதாம். கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணித்தியாலம் மூடி ஒட்ட வேண்டும்.

"பார்வை வருமா, டொக்டர்?"

"வயசு சின்னன். வரும் எண்டுதான் செய்யிறம். எவ்வளவெண்டு இப்ப சொல்ல ஏலாது."

"முதலே வந்திருந்தா?"

"இப்ப வந்திட்டீங்கதானே" என்றார். அது பதிலா இல்லையா என்று பஸ்ஸில் வரும் வழி முழுக்க யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவருக்கு எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் எழுதினேன். அழித்த படங்களைப் பற்றியும் எழுதினேன். வாசித்துவிட்டார் என்று நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தன. பிறகு, "ஒட்டிட்டியா?" என்று மட்டும் வந்தது.

வலது கண்ணை மூடி ஒட்டினேன். மகள் கத்தினாள். பிய்க்கப் போன இரண்டு கைகளையும் என் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். களைத்தபின் மடியில் கிடந்தாள். நான் எங்கே இருக்கிறேன் என்று தேடுவதுபோல் முகத்தை அங்கும் இங்கும் திருப்பினாள். நான் குனிந்தேன். இன்னும் குனிந்தேன். ஒரு சாண் அளவுக்கு வந்தபோது அவளுடைய அசைவு நின்றது. கையை நீட்டினாள். முதலில் கை என் காதைத் தாண்டிப் போனது. பிறகு மூக்கைப் பிடித்தாள்.

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒட்டியதைக் கழற்ற இன்னும் ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் இருந்தது. முதுகு வலித்தது. நிமிராமல் அந்தத் தூரத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.