கொழுந்தியாள் வீட்டு வட்ட மேஜை

என் மனைவி தையல்காரி. கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். பழைய மரச்சாமான் கடைக்குள் நுழைந்தாலும் அந்த டேப்தான் முதலில் இறங்கும். மற்றவர்கள் மேஜையின் பளபளப்பைப் பார்ப்பார்கள். இவள் அதற்கு அடியில் தலையைக் கொடுப்பாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு தேமே என்று நிற்பேன். எங்கள் வீட்டில் அவள் பொறுக்கி எடுத்ததில் ஒரு நாற்காலிகூடப் போலி கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

கொழுந்தியாள் புதுவீடு போனபோது, "சாப்பாட்டு மேஜை என் பொறுப்பு" என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கடைக்காரர் கண்ணாடிபோல் மின்னிய ஒரு வட்ட மேஜையைக் காட்டி, "நூறு வருஷம் ஆச்சும்மா" என்றார். இவள் குறுக்கும் நெடுக்கும் அளந்தாள். இம்மி பிசகாத வட்டம்.

"இது வேண்டாம். மூலையில பெயிண்ட் டப்பா அடுக்கி வெச்சிருக்கீங்களே, அந்த மேஜையைக் காட்டுங்க."

அதையும் அளந்தாள், குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"இதையா?" என்றேன்.

"நீங்க போய் வண்டியப் பிடிங்க."

பிடித்தேன். வேறென்ன செய்ய?

மேஜை போய் இறங்கியதும் கொழுந்தியாள் புதிதாக வாங்கிய வட்ட விரிப்பை அதன்மேல் போட்டாள். விரிப்பு இரண்டு பக்கம் ஏறி நின்றது, இரண்டு பக்கம் தொங்கியது. அவள் முகமும் கூடவே தொங்கிப்போனது.

"வட்டமாகூட இல்லையேக்கா. நல்லா ஏமாத்திட்டாங்க. சின்ன வயசுல உன்னோட பழைய கவுனையே போட்டு வளர்ந்தேன், இப்ப மேஜையும் பழசா? ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வர்றாங்க. திருப்பிக் குடுத்துடலாம்."

என் மனைவிக்குச் சுருக்கென்றது. எனக்கும்தான். எந்தக் கடைக்காரரோடும் மல்லுக்கு நிற்கிறவள் தங்கையிடம் வாதாடவில்லை. டேப்பைக் கழற்றித் தங்கையின் கழுத்தில் போட்டாள்.

"நீயே அள. மரத்தோட ரேகை ஓடுற பக்கம் ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை."

குறுக்கே ஒரு விரல் அகலம் குறைந்தது.

"மரம் காயக் காயக் குறுக்கதான் சுருங்கும், நீளத்துல சுருங்காது. செஞ்ச அன்னைக்கு இதுவும் வட்டம்தான். இவ்வளவு சுருங்கணும்னா ரெண்டு தலைமுறையாவது ஆகியிருக்கும். அடியில போய்ப் பாரு. அப்பவும் வேண்டாம்னா நானே தூக்கிட்டுப் போயிடறேன்."

தங்கை முணுமுணுத்துக்கொண்டே மேஜைக்கு அடியில் நுழைந்தாள். அடிப்பலகையில், மெஷின் இல்லாத காலத்தில் கையால் இழைத்த மேடுபள்ளம் விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். வெளியே வர நேரமானது. வந்தவள் மேஜையைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சை எடுக்கவில்லை. டேப்பையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாள். மேஜைமேல் விரிப்பே இல்லை. ஆபீஸ்காரர் ஒருவர், "எங்க வாங்கினீங்க, ஒரு பக்கம் குறையுதே?" என்று கேட்டு முடிப்பதற்குள் கொழுந்தியாள் டேப்பை நீட்டினாள்.

"நீங்களே அளந்து பாருங்க சார், ஏன்னு சொல்றேன். எங்கக்கா கண்டுபிடிச்சுக் குடுத்தது."

என் மனைவி காதில் விழாததுபோல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வீட்டில் அரை வயிற்றோடு எழுந்துவிடுகிறவள், அன்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.