சாரோட ஹெலிகாப்டர்

"பையனுக்கு வாங்குனதா?" என்று கேட்காத ஆள் இந்த விருத்தாசலத்தில் இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பையனே கிடையாது. ஒரே மகள், அவளுக்கு ஹெலிகாப்டர் என்றாலே தலைவலி. வீட்டில் இருக்கிற ஆறு பழைய ரிமோட் ஹெலிகாப்டர்களும் நான் வாங்கியவை. பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு அடித்துச் சம்பாதித்த காசில் வாங்கியவை. முதலாவது பழைய இரும்புக் கடையில் வால் ஒடிந்து கிடந்தது.

அதைப் பிரித்து மாட்டியதும் நான்தான், மணிமுத்தாற்று மணலில் போட்டு உடைத்து உடைத்துப் பறக்கவிடக் கற்றதும் நான்தான். இப்போது வருகிற ட்ரோன், கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு அந்தரத்தில் நிற்கும். இவை அப்படியல்ல. எண்ணெய் ஊற்றி ஓடும் எஞ்சின், மர இறக்கை; ஒரு நொடி அசந்தால் கவிழ்ந்துவிடும். என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் குச்சியைத் தள்ளினால் எது திரும்பும் என்று அவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

போன வருஷம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பெரிய கோயில்களில் ஹெலிகாப்டரில் பூ தூவுகிறார்களே, அதுபோல நம் கோபுரத்துக்கும் தூவ வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன்.

"சார் இருக்காருங்களா? சாரோட ஹெலிகாப்டரு ஒருநாள் வேணும்" என்றார் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாரோடது இல்லிங்க, என்னோடது. ஓட்டுறதும் நான்தான்."

அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "கோபுரத்துக்குப் பக்கத்துல மேடை கட்டியிருக்கோம். சார் அதுல நின்னு ஓட்டட்டும். பொம்பளைங்க மேல ஏறுனா சாமி குத்தமாயிடும்மா."

நல்லா இருக்குதே நியாயம்! கோயிலைக் கூட்டிப் பெருக்க, கோலம் போட, பாத்திரம் தேய்க்க நாங்கள் வேண்டும். அதெல்லாம் குத்தமில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலைவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே ஒரு சமாதானம் பேசி முடித்தார்: எதிரே இருக்கிற எங்கள் மொட்டை மாடியிலிருந்து நான் ஓட்டுவது, மேடையில் அவர் இன்னொரு ரிமோட்டைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது.

"மைக்குல உன் பேரத்தான் சொல்லச் சொல்லுவேன். எங்கிட்ட வுடு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். இது என்னுடையது என்று ஒரே ஒரு முறை நாலு பேர் காதில் விழ வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தெரியாமல் எதையாவது தட்டி என் ஹெலிகாப்டரை விழவைத்துவிடுவார் என்று, அவர் ரிமோட்டின் பேட்டரியை நானே கழற்றிவிட்டுக் கொடுத்தேன்.

கூட்டத்தைக் கயிறு கட்டி ஒரு பக்கமாக நிறுத்தியிருந்தார்கள். கலசத்தில் தண்ணீர் ஊற்றியதும், மேடையில் நிறுத்தியிருந்த ஹெலிகாப்டரை எங்கள் மாடியிலிருந்தே கிளப்பினேன். அடியில் கட்டியிருந்த ஐஸ்கிரீம் டப்பா திறந்து, ரோஜா இதழ்கள் கோபுரத்தின் மேல் கொட்டின. மேடையில் அவர் அந்தச் செத்த ரிமோட்டின் குச்சிகளை என்னமாய் ஆட்டுகிறார்! பள்ளிக்கூட நாடகத்தில்கூட அப்படி நடித்திருக்க மாட்டார்.

"சாரு அசத்திட்டாரு! சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க!" என்று மைக்கில் தலைவர் அலறினார். என் பேர் வரவேயில்லை.

சரி, கண்ணாலேயே பார்க்கட்டும் என்று ஹெலிகாப்டரைத் திருப்பி, எல்லோர் கண்ணெதிரே எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து இறக்கினேன். தெருவே தலையைத் திருப்பியது. கழுத்தில் ரிமோட் தொங்க நான் நிற்பதை அத்தனை பேரும் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அடேங்கப்பா! பாத்தீங்களா? சாரு இங்கருந்தே ஓட்டி, வூட்டுக்காரம்மா கால்கிட்ட கரெக்டா எறக்கிட்டாரு!"

"ஓட்டுனது நான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேளச் சத்தத்தில் கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. மேடை எங்கள் மாடி உயரம்தான், என் வீட்டுக்காரருக்குக் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, பரிவட்டம் கட்டிக்கொள்ளத் தலையைக் குனிந்தார்.