தங்கராசு கிட்டாரின் இரைச்சல்

மேல் மாடிக்குக் குடிவந்திருக்கும் வங்கி உத்தியோகத்தர் மாலையானால் மின்சாரக் கிட்டாரை எடுத்துவிடுகிறார். வாசிப்பதற்கு முன் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும் பாருங்கள், அதைக் கேட்டதும் எனக்கு ஈயம் உருகும் வாசனை மூக்கில் ஏறிவிடுகிறது. அக்கம்பக்கத்தார் அவரைத் திட்டுகிறார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஈயம் பற்றுவதற்குப் பிசின் வைத்துச் சுடுவோம். கோயில் சாம்பிராணிக்குக் கிட்டத்தட்ட சொந்தக்கார வாசனை. அது என் சட்டையோடு ஒட்டிக்கிடந்த காலத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை. மோட்டார் பழுது, விளக்குப் பழுது, பங்களா ரேடியோப் பழுது எல்லாம் என் கையில். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

தங்கராசு அதே தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற பகுதியில் நின்றவன். நான் இருந்த லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பரா அவனுடையது. தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரை சீமைக்குத் திரும்பியபோது தன் மின்சாரக் கிட்டாரைப் பங்களாச் சமையல்கார அப்புவிடம் விட்டுப்போனார். அதன்மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. அப்புவுக்கோ சைக்கிள்மேல் கண். என்னிடம் சைக்கிள் இல்லை, தங்கராசுவிடம் இருந்தது; அதைக் கொடுத்துக் கிட்டாரை வாங்கிக்கொண்டான். ஆறே மாதத்தில் கேள்வி ஞானத்திலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டான். நானும் இரண்டு நாள் இரவல் வாங்கிப் பார்த்தேன். விரல் வீங்கியதுதான் மிச்சம்.

பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து அந்தக் கிட்டாருக்கு ஒலிபெருக்கி செய்து கொடுத்தது நான்தான். கிட்டாரின் தந்திகளுக்கு அடியில், காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செப்புக் கம்பி சுற்றிய இரண்டு பெட்டிகள் இருக்கும். கழுத்துப் பக்கத்துப் பெட்டிக்குக் கனத்த குரல், அடிப்பக்கத்துப் பெட்டிக்குக் கூர்மையான குரல். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாட்டும் ஏறும், இரைச்சலும் ஏறும். சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற மின்சாரத்தையும் அவை பிடித்துவிடும். நாங்கள் இருந்ததோ மோட்டார்களுக்கு நடுவில்.

"மச்சான், பாட்டுக்கு முன்னாடி வண்டு வந்து நிக்குதுடா. இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றான் தங்கராசு.

பண்ணினேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் கிழிந்ததைப் பொறுக்கி வந்து, கிட்டாரின் உட்குழி முழுதும் ஒட்டி எர்த் கொடுத்தேன். சரசரப்பு நின்றது, 'ம்ம்ம்' மட்டும் மிஞ்சியது. தேயிலை சலிக்கிற பெண்கள், திறந்து கிடந்த கிட்டாரை எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கராசண்ணே கிட்டாருக்கு வெள்ளிச் சட்டை போட்டிருக்காரு" என்று சொல்லிப் போனார்கள். போட்டது யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. சொல்லும்போது இன்றைக்கும் எரிகிறது.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில், மஞ்சள் நீராட்டு முடிந்து பின்னேரம் தங்கராசு கச்சேரி. முதல்நாள் கிட்டாரைக் கொண்டுவந்து, "கடைசியா ஒருவாட்டி பாத்துரு" என்று கொடுத்தான். பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் ஒரு பெட்டியிலிருந்து வரும் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். அப்படிச் செய்தால் ஒரு பெட்டி தள்ளுவதை மற்றது இழுக்கும். இரண்டையும் சேர்த்துப் போடும்போது குரல் சளி பிடித்தவன் பேச்சு மாதிரி மெலிந்துவிடும். மேடையில் அவன் சேர்த்துத்தான் போடுவான். ஒரு நாளாவது அசிங்கப்படட்டும் என்று நினைத்தேன்.

என் கெட்டிக்காரத்தனத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது. இரண்டு பெட்டியும் பிடிக்கிற இரைச்சலும் அப்படியே ஒன்றையொன்று அழித்துவிடும் அல்லவா? தங்கராசு பொத்தானைத் தட்டினான். வண்டைக் காணவில்லை. மெலிந்து, மூக்கால் பாடுகிற ஒரு குரல் வந்தது. கொஞ்சம் திகைத்தான். பிறகு சத்தத்தைக் கூட்டி, தந்தியை இழுத்து இழுத்து ஒரு காவடிச் சிந்து மெட்டை எடுத்தான்.

"அட, நாயனம் மாதிரில்ல இருக்கு" என்றார் என் பக்கத்தில் நின்ற கங்காணி. கோயில் மேளக்காரர்கள் எழுந்து வந்து நின்று கேட்டார்கள்.

முடிந்ததும் தங்கராசு மைக்கைப் பிடித்து, "இந்தச் சத்தம் நம்ம கூட்டாளி பண்ணிக் குடுத்ததுங்க. இரைச்சல அப்படியே தொடச்சு எடுத்துட்டான்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான். கூட்டம் கை தட்டியது. நானும் கும்பிட்டேன், வேறென்ன செய்ய? நான் அவனுக்குச் செய்த கெடுதலைக்கூட அவன் வாசித்து நல்லதாக்கிவிட்டான் என்ற பொறாமை, பழைய பொறாமையைவிட மோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு வலப்பனை வரைக்கும் கல்யாண வீடுகளில் அவனைக் கூப்பிட்டார்கள். நாயனக் கிட்டார் என்றே பேர் விழுந்தது. அப்புறம் தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தது, அவன் குடும்பத்துக்கு இந்தியா என்று முடிவானது. வட்டகொடை ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு நின்றபோது ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினான்.

"அங்கிட்டுப் போயி கம்பி விட்டுப்போச்சுன்னா யாரு பண்ணுவா? எது எதோட சேரணும்னு எழுதிக் குடுடா."

அங்கே எவனோ ஒருவன் என் வேலையைச் செய்வான், அவனையும் இவன் மேடையில் கும்பிடுவான் என்று தோன்றியது. இரண்டு பெட்டிக்கும் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன்; ஒன்றில் இடம் மாற்றியிருந்ததை எழுதவில்லை. அவன் அதை மடித்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு வருஷம் கழித்துத் திருச்சிப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. "கம்பி விட்டுப்போச்சு. நீ எழுதுன மாதிரியேதான் ஒருத்தர் ஒட்டிக் குடுத்தாரு. வண்டு திரும்பி வந்துருச்சு, நாயனச் சத்தம் போயிருச்சு. நான்தான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன் போல. கோவிச்சுக்காத."

ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி, நான் முன்பு எழுதியது பொய் என்று சொல்லிவிடும். எழுதவில்லை.

தொழிற்சாலை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதி. எங்கள் லயம் இருந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். போகட்டும், எழுதிவிடலாம் என்று மனம் இறங்கிய வருஷம் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். கடிதத்தைக் காணவில்லை, அவன் முகவரி அதில் மட்டும்தான் இருந்தது.