கொக்கு மரத்தில் கலர் பல்பு

மலேசியாவில், எங்கள் கிள்ளான் ஆற்றங்கரையில் கடைகள் கட்ட வந்த கம்பெனி அதிகாரி அவர். எதைப் பார்த்தாலும் கைப்பேசியில் படம் பிடிப்பார். கொக்குகள் கூடு கட்டும் மரங்களை வெட்டுவதில்லை என்று கோயில் மண்டபத்தில் எங்கள் கம்பத்து ஊர்க்காரர்களோடு ஒப்பந்தம் போட்டவரும் அவர்தான்.

மரங்களை வெட்டவில்லை. கிளை கிளையாகக் கலர் பல்புகளைச் சுற்றிவிட்டார். கொக்குகள் போய்விட்டன.

கூட்டங்களில் வாயே திறக்காத நான், ஒரு சாயங்காலம் அவரை வழிமறித்தேன். "கூடெல்லாம் காலியா கெடக்கு, பாத்தீங்களா?"

"மரத்துல கை வைக்கலையே ஆன்டி. சொன்ன சொல்ல காப்பாத்திட்டோம் லா."

"உங்க பிள்ளை தூங்குற ரூம்ல விடிய விடிய இப்படி லைட் போடுவீங்களா?"

அவர் சிரித்தார். "அழகா இருக்குல்ல? அங்க நில்லுங்க ஆன்டி, ஒரு போட்டோ எடுக்குறேன்."

பாவி, கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.