கோவிலூர் வந்ததும் சேலை

வீட்டில் நானும் என் கணவரும் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டையெல்லாம் இல்லை. மாமா, அத்தை, கல்யாணத்துக்குக் காத்திருந்த நாத்தனார் என்று நிறைந்திருந்த வீடு அது. முன்னறையில் ஒருவர் இருமினால் அடுப்படியில் இருப்பவர் வெந்நீர் வைத்துவிடுவார். என் கணவர் கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா, நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலம் இருவரும் வருவோம், சாப்பிடுவோம், ஜெபமாலை சொல்வோம், படுப்போம். "உப்பு" என்பார். நான் உப்பை நகர்த்துவேன். அன்றைய உரையாடல் அத்துடன் முடிந்துவிடும்.

ஆனால் வண்டியில் ஏறிக் காரைக்குடியைத் தாண்டிவிட்டால் அந்த மனிதர் வாயை மூடமாட்டார். தலையைப் பாதி திருப்பிக்கொண்டு மேனேஜரைத் திட்டுவார், சின்ன வயதில் ஊருணியில் மூழ்கப் பார்த்த கதையைச் சொல்வார், என்னை ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது என்று பதிவேட்டில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த வண்டியின் மேல்தான் நடந்தது என்பேன். அது போனபோது எது போனது என்று தெரியவேண்டும் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அதை வாங்கினோம். பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அவர் ஒரு படம் பார்த்திருந்தார். முன்னால் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, வேகமாகவும் போகும், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது என்கிற மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள். அதில் ஓர் ஆணும் பெண்ணும் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படி ஒன்றை இங்கே வாங்க முடியாது, செய்துகொள்ளத்தான் வேண்டும்.

செய்தோம். பீரோ அடிக்கும் பட்டறையில் தகரம் வெட்டிப் பெட்டி செய்தார்கள். பட்டறைக்காரர் பழக்கதோஷத்தில் பெட்டிக்குள் ஒரு ரகசிய அறையும் வைத்துக் கொடுத்தார். போர்டு எழுதும் கடையில் பிளாஸ்டிக் தகடு வாங்கி வளைத்து முன்கண்ணாடி ஆனது. மேட்டில் கொஞ்சம் திணறினாலும் பரவாயில்லை, சமதளத்தில் அலறாமல் ஓடவேண்டும் என்று பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றினார். ஆட்டோவுக்கு சீட் தைப்பவர் என் இடுப்பை அளக்கக் கூச்சப்பட்டுக் குத்துமதிப்பாகத் தைத்து, இரண்டு தடவை பிரித்துத் தைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்தால் பட்டறைதான். மாமா ஒருநாள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஐஸ் விக்கப் போறியா?" என்றார்.

இடதுபக்கப் பெட்டி உட்காரவில்லை. சேலை கார்டு இடித்தது. பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தை ஒட்டி மாட்டியிருப்பார்களே, அந்தக் கம்பி வலை. அவர் பெட்டியைச் சின்னதாக்கலாம் என்றார். நான்தான் கேட்கவில்லை.

"கார்டக் கழட்டிருங்க. நான் என்ன ஒருபக்கமாவா ஒக்காரப் போறேன்? ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஒக்காருறவளுக்கு அது எதுக்கு?"

"வீட்டுலருந்து கெளம்பையில சேலைதான கட்டியிருப்ப?"

"கோவிலூர் வரைக்கும் அஞ்சு மைலுதான. இடுப்புல சொருகிக்கிறேன். நீங்க கழட்டுங்க."

கழட்டினார். நான் சொன்னேன், அவர் கழட்டினார். இந்த வரிசையை யாரும் மாற்றக்கூடாது.

எங்கள் ஏற்பாடு இதுதான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நான் சேலை, ஒருபக்கமாக உட்காருவேன். அத்தை வாசலில் நின்று சிலுவை போட்டு அனுப்புவார். கோவிலூரில் ஒரு டீக்கடை. அந்தக் கடைக்கார அம்மா பின்னாலிருந்த கீற்றுமறைவை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அங்கே சேலை பெட்டிக்குள் போகும், கால்சட்டை வெளியே வரும். காரைக்குடித் தையல்காரரிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்று மதுரையில் தைத்த கால்சட்டை. திரும்பும்போது மறுபடி அதே மறைவில் ஐந்து நிமிடத்தில் மருமகளாகிவிடுவேன். கொடைக்கானல், மூணாறு, தனுஷ்கோடி, கன்னியாகுமரி எல்லாம் இப்படித்தான் போய்வந்தோம். அந்த அம்மா, "மகாராணி உடுப்பு மாத்தியாச்சா?" என்று கேட்பார்.

கல்யாணமாகி நான்கு வருடம் குழந்தை இல்லை. "அந்த வண்டியில குலுங்கிக் குலுங்கித்தான் வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது" என்று அத்தை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். கால்சட்டையும் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அன்றைக்குக் கொடைக்கானலிலிருந்து திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு வழியில் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டோம். சாயங்காலப் பூசைக்கு வீட்டில் எல்லாரும் கோயிலுக்கு வந்துவிடுவார்கள், நாங்கள் நேராக அங்கே போய்விட வேண்டியது என்று திட்டம். கோவிலூரில் அவசரமாகச் சேலை கட்டினேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, விறைப்பாக நின்றது. எப்போதும் முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகுவேன். அன்றைக்கு, கோயில் வாசலில் இறங்கியதும் முக்காடு போடவேண்டுமே, அதை இப்போதே போட்டுக்கொண்டால் நேரே உள்ளே நுழைந்துவிடலாம் என்று தலையில் போட்டுக்கொண்டேன். நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஏதோ சொன்னார். கொடைக்கானலில் எங்களுக்கு அறை கொடுத்தவர், நாங்கள் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதானா என்று இரண்டு தடவை கேட்டதைப் பற்றி. நான் சிரித்துவிட்டேன். பல்லிலிருந்து நுனி போனது.

சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. முக்காடு பறந்து அதற்குள் போயிற்று.

நான் விழுந்ததை விவரிக்க மாட்டேன். கண் திறந்தபோது அவர் சக்கரத்தில் சுற்றியிருந்த துணியைப் பேனாக்கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்.  எல்லாவற்றையும் உருவிப் பெட்டிக்குள் திணித்துப் பூட்டினார். பெட்டியில் கால்சட்டையும் இருந்தது. வயல் பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. என் காதருகில் குனிந்து, "நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிருவோம். நீ ஒண்ணும் பேசாத" என்றார்.

சேலை சிக்கியது என்றால் கார்டு எங்கே என்று கேட்பார்கள். கார்டு எங்கே என்றால் மற்றதெல்லாம் வரும். அத்தையின் வாயிலிருந்து என்னைக் காப்பாற்ற அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது அதுதான். நான் தலையாட்டினேன்.

இடுப்பெலும்பு உடைந்து, இடதுகால் ஓர் அங்குலம் குட்டையானது. நான்கு மாதம் படுக்கை. குழந்தையைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அத்தை எனக்குத் தெரியாமல் மறைத்தார், நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கேதான் என் அயோக்கியத்தனம் ஆரம்பிக்கிறது. படுத்துக்கிடந்த நாட்களில் அத்தை என்னைத் தாங்கினார். வெந்நீர் ஒத்தடம், ஆட்டுக்கால் சூப்பு, தலைவாரிப் பின்னல் எல்லாம் அவர் கையால். "ஏத்தா, எம்புள்ளை ஒன்னைய இப்பிடிப் பண்ணிப்புட்டானே" என்று அழுவார். நான்கு வருடமாக என்னைக் கரித்துக்கொட்டிய அதே வாய்தான். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கை என் தலையிலிருந்து எழுந்துபோய்விடும். இன்றைக்கு வேண்டாம், கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் "ஒரு பொய் சொன்னேன், சாமி" என்றதற்கு, பரிகாரமாக மூன்று தடவை 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான் அதன் எடை என்று வைத்துக்கொண்டேன்.

வெளியே அவருக்கு நடந்தது வேறு. "பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு நாயப் பாக்காமயா ஓட்டுவான்?" என்று வங்கியில் கேட்டார்கள். கோயில் வாசலில் கேட்டார்கள். என் அண்ணன் வந்து முகத்துக்கு நேரே கேட்டான். அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக நாய்க்கதையைச் சொன்னார். மாமா வண்டியை விற்கச் சொன்னார். வாங்கியவர் பெட்டிகளை வேண்டாமென்று கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டிப்போனார். அதற்குப் பிறகு என் கணவர் எந்த வண்டியையும் தொடவில்லை. வங்கிக்கு நடந்து போனார். நான் தேறி நடக்க ஆரம்பித்ததும், "ஒரு மொபெட்டாவது வாங்குங்களேன், மெதுவாப் போவோம்" என்றேன். "உப்பு" என்று சொல்வதற்கு முன் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்.

இரண்டு வருடம். பேசுவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே இடம் போய்விட்டது. வீட்டுக்குள் பேசக் கற்றுக்கொள்ள எங்களுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். காரணம் பெரிதில்லை. மாமா தொலைக்காட்சியில் ஏதோ விபத்துச் செய்தியைப் பார்த்து, "நம்மாளு மாதிரி எவனோ" என்றார். என் கணவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். 

"மாமா, நாயெல்லாம் ஒண்ணும் வரல. என் சேலை சக்கரத்துல சிக்குச்சு. கார்டக் கழட்டச் சொன்னது நான். நான் கோவிலூர்ல உடுப்பு மாத்துவேன், கால்சட்டை போட்டுக்கிட்டுத்தான் ஊர் ஊராப் போவேன். இவுக மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தையின் கையில் குழம்புக்கரண்டி அப்படியே நின்றது. திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் நிமிராமல் சொன்னார். "நாய்தான் வந்துச்சு. வெள்ளை நாய்."

"என்னங்க..."

"அவளுக்கு அடிபட்டதுல நெனவு இல்லம்மா. என்னையக் காப்பாத்தச் சொல்லுறா."

அத்தை பெருமூச்சு விட்டு எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார். "அவ மனசு அப்பிடி" என்றார்.

வெள்ளை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னைக் காப்பாற்ற இன்னும் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்து அவர் கொல்லையில் கைகழுவப் போனபோது பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன்.

"இப்ப யாரும் இல்லீல. என்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க. ஏன் இன்னும் நாய் நாய்னு சொல்லுறீக? நான் எல்லாத்தையும் தாங்கிக்கிறேன். நீங்க பழையபடி எங்கிட்டப் பேசுனாப் போதும்."

அவர் செம்பைக் கீழே வைத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

"குட்டி போட்ட நாய். மடி தொங்கத் தொங்க ஓடியாந்துச்சு. பாவம்னு வண்டிய அங்குட்டு ஒடிச்சேன். அத அடிச்சிருக்கணும். அதுக்குப் பாவம் பாத்துட்டு ஒன்னையக் கீழ போட்டுட்டேன்."

அவர் கண்ணில் பொய் இல்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி, அந்த நாயை அவர் பார்த்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் அது குட்டியும் போட்டுவிட்டது. இல்லை என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். சிக்கிய துணியை நீங்கள்தான் அறுத்தீர்கள் என்றேன். எந்தத் துணி என்று கேட்டார்.