காகிதப் பூச் சிலுவையும் கற்றாழைப் பூப் பொரியலும்

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்கிறார்கள். அந்த வேலையை இஞ்சினியர் எடெல்மிரா சமூடியோவிடம் கொடுத்திருந்தால் நாலே நாளில் முடித்திருப்பார். மலைகளெல்லாம் நூல் பிடித்தாற்போல வரிசையில் நின்றிருக்கும். கடலுக்கு வடிகால் சரிவை முதலிலேயே பார்த்து வெட்டியிருப்பார், வெள்ளமும் வந்திருக்காது, நோவா கப்பல் கட்டவேண்டிய தொல்லையும் இருந்திருக்காது. பிரமிடைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருந்தால், "மூலைமட்டம் சரியில்ல, இடிச்சிட்டுத் திரும்பக் கட்டுங்க" என்றிருப்பார். எகிப்துக்காரர்களும் வாயைத் திறக்காமல் இடித்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷி எங்கள் சான் எலியாஸ் ஊர்த் தாவரப் பூங்காவில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தது என்ன என்றால், கக்கூஸ்.

மற்ற வேலைகளும் உண்டுதான். செடி வளர்க்கிற, ஒழுகுகிற கண்ணாடி வீட்டுக்கு உத்தரம் மாற்றுவது, அல்லிக் குளத்தின் விரிசலை அடைப்பது, தேர்தலுக்கு முன்னால் அவசரமாகப் பதித்த நடைபாதைக் கல்லைத் தேர்தல் முடிந்ததும் பெயர்த்து ஒழுங்காகப் பதிப்பது என்று பூங்காவில் சிமென்ட் பட்ட எல்லாமே அவர் தலையில்தான். ஆனால் இடித்துக் கட்டவேண்டியிருந்த அந்தப் பழைய கக்கூஸ் மாதிரி எதுவும் அவரைப் படுத்தவில்லை. தரை எப்போதும் ஈரமாக இருக்கும், எதனால் என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதன் நாற்றம் எழுந்து, நடந்து வந்து, வாசலில் என் அம்மா எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கிற மாங்காய்மேல் உட்காரும். ஈக்கள்கூட வேறு கடை பார்த்துப் போய்விடும்.

அதை இடிப்பதற்கு முன்னால் சாக்கடைத் தொட்டியைத் திறந்தார்கள். ஆலமர வேர் குழாய்க்குள் புகுந்து, உள்ளேயே குடும்பம் நடத்தியிருந்தது. ஹசிந்தோ மேஸ்திரியும் ஆட்களும் கயிறு கட்டி இழுத்தார்கள். பசுமாடு நீளத்துக்கு, பழுப்பாக, மயிர் மயிராக ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. காகிதம், பிளாஸ்டிக், பொம்மைத் தலை எல்லாம் அதில் சிக்கியிருந்தன. நட்டநடுவில் யாரோ ஒருவருடைய பல்செட் சிரித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சினியரம்மா, பல்லைத் தொலைச்சவங்க வந்து வாங்கிக்கலாம்னு போர்டு எழுதி வைக்கலாமா?" என்றார் ஹசிந்தோ.

"வைங்க. வாங்க வர்றவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"கழுவித் தந்தாப் போச்சு."

"சீ! வாயை மூடுங்க மேஸ்திரி."

எடெல்மிராவின் மூக்கு அன்று சுருங்கியதுதான், அப்புறம் முழுசாக விரியவே இல்லை. செடி என்றாலே அவருக்கு ஆகாது. செடி என்பது குழாயை உடைக்கப் பிறந்த ஜென்மம், அதற்குப் பெயர்ப்பலகை வைத்துக் கும்பிடுகிறவர்கள் அதைவிட மோசமான ஜென்மங்கள் என்று தினம் ஒருமுறையாவது சொல்வார். ஏணியைக்கூடப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். இல்லாவிட்டால் தோட்டக்காரர்கள் அதை எடுத்துப்போய் வெண்ணெய்ப்பழம் பறிப்பார்கள்.

இப்படிப்பட்டவர் புதுக் கழிவுநீர்க் குழாயை நேராகக் கொண்டுபோகாமல் ஒரு கற்றாழைக்காக வளைத்துக் கொண்டுபோனார் என்றால் நம்புவீர்களா? அது ஒரு ஆனைக்கற்றாழை. எங்கள் பக்கத்து மலையிடுக்கில் வளர்ந்த ஜாதி. அந்த மலையிடுக்கைக் கல்குவாரிக்காரர்கள் தின்று முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பூங்காவில் வேலிக்குள் நின்ற இந்த ஒன்றுதான். பக்கக்கன்று விடாத வகை. ஆயுசில் ஒரே தடவை பூக்கும், விதைக்கும், சாகும். இந்த வருஷம் அது நடுவிலிருந்து விளக்குக்கம்பம் போல ஒரு தண்டை மேலே விட்டிருந்தது.

பூங்காவின் தாவர ஆராய்ச்சியாளர் பெனிக்னோவுக்கு அந்தச் சமயம் பார்த்து இடுப்பெலும்பு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது எடெல்மிராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விதை பிடிக்கிற வரைக்கும் பாத்துக்கோ எடெல்மிரா. இது போச்சுன்னா ஜாதியே போச்சு."

"எனக்குச் செடியே புடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். புடிச்சவன்கிட்ட குடுத்தா தண்ணி ஊத்தியே கொன்னுடுவான்."

சரி என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்த கையை அப்புறம் சட்டையில் துடைத்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

மே மாசம் பிறந்தது. மூணாம் தேதி கொத்தனார்களுக்குத் திருச்சிலுவைத் திருநாள். வேலை நடக்கிற கட்டடத்தின் உச்சியில் மரச்சிலுவை நட்டுப் பூவால் அலங்கரிப்பார்கள், முதலாளி ஆட்களுக்கு விருந்து போடவேண்டும். பூங்காவுக்குள் கொத்தனார்களும் பூவும்! எடெல்மிரா முந்தின நாளே எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்.

"நாளைக்குச் சிலுவைல இந்தத் தோட்டத்துப் பூ ஒண்ணு இருந்துச்சு, அந்தச் சிலுவைலயே உங்களை அறைவேன்."

"ஆத்தாடி! இஞ்சினியரம்மா சொன்னா சொன்னதுதான்" என்று ஹசிந்தோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். சொன்னபடியே செய்தார்கள். மறுநாள் கக்கூஸ் கூரை உச்சியில் நின்ற சிலுவை முழுக்க ரோஸும் மஞ்சளுமாகக் காகிதப் பூ. எடெல்மிராவுக்கே லேசாகச் சந்தோஷம்.

விருந்துதான் சகிக்கவில்லை. நகராட்சி வேலைகளுக்கு இயக்குநர் லிபோரியோ என்று ஒருவர். அவர் அனுப்பி வைத்தது ஏதோ கூட்டத்தில் மிஞ்சிப்போன சாண்ட்விச். வெயிலில் மயோனைஸ் வியர்த்து ஒழுகியது. பூங்கா நாய்க்கு ஒன்றைப் போட்டார்கள். அது மோந்து பார்த்துவிட்டு, அவமானப்பட்டது போல எழுந்து போய்விட்டது.

"திருநாளும் அதுவுமா நாய்கூடத் தின்னாததைத் தின்னணுமா?" என்றான் ஒரு கொத்தனார்.

"ஏன் தின்னணும்? அடுப்பைப் பத்த வையி" என்றார் ஹசிந்தோ.

எடெல்மிரா லிபோரியோவுக்குப் போன் போட்டுத் திட்டி முடித்துத் திரும்பியபோது சோள ரொட்டி சுடுகிற வாசனை வந்தது. முதல் தட்டு அவருக்குத்தான். வெங்காயம், பச்சை மிளகாய், முட்டையோடு ஏதோ மஞ்சளான பூவைப் புரட்டி எடுத்திருந்தார்கள். பசி. ரொட்டியில் சுருட்டி வாயில் போட்டார். கொஞ்சம் கசந்து, அப்புறம் இனித்தது. இன்னொரு ரொட்டி. அதற்கப்புறம் இன்னொன்று. ரொம்ப நாளைக்குப் பிறகு மூக்கு விரிந்தது.

"பூசணிப் பூவா மேஸ்திரி? பிரமாதமா இருக்கு. எந்தக் கடை?"

"கடையா? நம்ம தோட்டத்துதாம்மா. வேலி போட்டு வச்சிருக்கீங்களே, அந்தக் கற்றாழைப் பூ."

எடெல்மிரா வடக்கே, ஆட்டுக்கறி சுட்டுத் தின்கிற ஊரில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் கற்றாழைப் பூ மே மாசத்துப் பண்டம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாயிலிருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினார். அதற்காகத் தன்மேலேயே அவருக்கு வந்த அருவருப்பு, பல்செட்டைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

"பூவைத் தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"சிலுவைல வைக்கக் கூடாதுன்னுதானேம்மா சொன்னீங்க?" ஹசிந்தோ நிஜமாகவே திகைத்துப்போனார். "பூத்தா அது சாகப்போற செடி. இந்த ருசியை மண்ணுல விட்டா பாவமில்லையா?"

எடெல்மிரா தட்டோடு ஓடினார். தண்டில் கீழ்க்கிளைகள் மொட்டை. நுனியில் மட்டும் சில கொத்துகள் மொட்டாக நின்றன.

"அதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"தொரட்டி எட்டலை. ஏணியத்தான் நீங்க பூட்டி வச்சிருந்தீங்களே."

அவர் வேலிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் பேசினார். பெனிக்னோ மெதுவாகச் சொன்னார்: மேல்கொத்து விரியும்போது ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தூரிகையால் தடவவேண்டும். தினமும். காற்றில் தண்டு ஒடியாமல் தாங்கல் கொடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொரட்டியோடு வராமலும் பார்க்கவேண்டும், பூப் பொரியல் சேதி ஊர் முழுக்கப் போயிருக்குமே.

அதற்கெல்லாம் சாரம் வேண்டும். இரும்புக் குழாய்ச் சாரம் பூங்காவில் ஒன்றே ஒன்றுதான். அது கக்கூஸ் கூரையைச் சுற்றி நின்றது. கூரையோ பாதிதான் ஓடு போட்டிருந்தது. மே பத்து அன்னையர் நாள். சான் எலியாஸ் தாய்மார்களுக்கு மேயர் அன்புப் பரிசாகத் தரப்போவது இந்தக் கக்கூஸைத்தான். பத்திரிகையில் படம் எல்லாம் போட்டு அறிவித்தாகிவிட்டது.

லிபோரியோ நேரிலேயே வந்தார். வந்தபோது சாரம் கற்றாழையைச் சுற்றி நின்றது. உச்சியில் மஞ்சள் ஹெல்மெட்டும் வண்ணத் தூரிகையுமாக எடெல்மிரா.

"என்னம்மா இது கூத்து? இறக்குங்க! மேயர் வர்றாரு, கூரை இல்லாம கக்கூஸ் திறக்கிறதா?"

"திறக்கலாம். நாத்தம் சீக்கிரம் போயிடும்."

"சாயங்காலத்துக்குள்ள சாரம் அங்க போகலைன்னா உங்க சீட்டு கிழியும்."

"கிழிங்க. உங்க சாண்ட்விச்சைத் துடைக்க உதவும்."

கீழே நின்ற ஹசிந்தோ இருமுவது போல நடித்தார். அன்று சாயங்காலம் கொத்தனார்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாரத்தைச் சுற்றிப் பலகை அடித்து, யாரும் தொரட்டி நீட்டமுடியாதபடி மறைத்தார்கள். கூலி யாரும் கேட்கவில்லை. பொரியல் தின்ற பாவத்துக்கு என்றார் ஹசிந்தோ.

மே பத்தாம் தேதி மேயர் வந்தார், ரிப்பன் வெட்டினார், கேமராக்கள் சூழ முதல் தண்ணீரைத் தானே இழுத்துவிட உள்ளே போனார். ஆண், பெண் பலகைகளை யாரோ இடம் மாற்றி மாட்டியிருந்ததால் அவர் போனது பெண்கள் பக்கம். அது யாருடைய வேலை என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை, கண்டுபிடிக்கவும் வேண்டாம். மறுநாள் வந்த படத்தில் மேயரின் தலைக்குமேல் ஆகாயம், முதுகுக்குப் பின்னால் காகிதப் பூ போட்ட சிலுவை. கல்லறையில் நிற்பது போலவே இருந்தார். ஊரே அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியது.

திங்கட்கிழமை எடெல்மிராவை ஆட்டுத்தொட்டிச் சாக்கடை வேலைக்கு மாற்றினார்கள். ரத்தமும் கொழுப்பும் உறைந்த குழாய்கள். அதற்கு முன்னால் எங்கள் கக்கூஸ் சந்தனக்கட்டை என்று அவரே சொன்னார். ஆனாலும் சாயங்காலம் பூங்கா மூடுவதற்குள் ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்து, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, சாரத்தில் ஏறித் தூரிகை தடவிவிட்டுப் போவார். கடைசிப் பூ உதிர்ந்ததும் வருவது நின்றது. பெனிக்னோ ஊன்றுகோலோடு வந்து அண்ணாந்து பார்த்து, காய் பிடித்திருக்கிறது என்று ஊரைக் கூட்டினார். அதற்குமேல் ஏற அவருக்கு இடுப்பு இடம் தரவில்லை. சாரத்தை நகராட்சி மறந்தே போனது.

மழை ஓய்ந்து அக்டோபர் வந்தது. கற்றாழையின் மடல்கள் காய்ந்து, தோல் மாதிரி தொங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடெல்மிரா வந்தார். காய்கள் பழுத்து வெடித்து விதை காற்றில் பறந்திருக்கும், ஒன்றிரண்டையாவது பொறுக்கலாம் என்று கையில் ஒரு டப்பா. சாரத்தடியில் நின்று மேலே பார்த்தவர் அப்படியே நின்றார். ஒவ்வொரு காய்க்கொத்தையும் வெள்ளையாக, நீளமாக ஏதோ ஒன்று மூடியிருந்தது, அதன் கழுத்து நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஒரு விதைகூட வெளியே போயிருக்க வழியில்லை.

"ரொமெலியா! இங்க வா."

அம்மா கடையில் மாங்காய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

"மேல அதெல்லாம் கட்டினது யாரு?"

"யாருக்குத் தெரியும்? செத்த செடியை யாரு பாக்குறா? எங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"ஓஹோ."

"நீங்க போனதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு நாய்கூடத் திரும்பல. ஒரே நாத்தம்."

அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என் பள்ளிக்கூடச் சீருடையைப் பார்த்தார். காலர், பாவாடை, அப்படியே கீழே இறங்கி, ஷூவுக்குமேலே என் வெறும் கணுக்காலில் வந்து கண் நின்றது.

"மேல இருக்கிறது ஒரு ஜோடி இல்லையே" என்றார். "உன் வகுப்புல இன்னும் எத்தனை பேரு சாக்ஸ் இல்லாம திரியுறாங்க?"